பதினைந்து வயதைப் பதமாக வாட்டுவது எப்படி?

வியாழக்கிழமை சாயங்காலம் பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு கோயில் பக்கம் வந்து பாருங்கள். மெழுகுவர்த்தி வாங்க நிற்கிற கூட்டத்தில் பட்டை போட்டவர், குல்லா வைத்தவர், ஜெபமாலை உருட்டுபவர் என்று எல்லா வகையும் இருக்கும். பரீட்சை மாதம் என்றால் பாதிப் பேர் கையில் ஹால் டிக்கெட் ஜெராக்ஸ். "என் பையன் நல்லா இருக்கணும் சாமி" என்று கண்ணை மூடி உருகிவிட்டு வெளியே வருவார்கள். ஆட்டோவில் காத்திருக்கும் பையனிடம் அதே வாய் சொல்லும்: "சாமிகிட்ட சொல்லிட்டேன். இனிமே உன் கையிலதான் இருக்கு. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்தா வீட்டுப் பக்கம் வந்துடாத."

இருபது வருடமாக இந்த ஏரியாவில் அப்பா அம்மாக்களைப் பார்க்கிறேன். நானும் அதில் ஒருத்தன். திறமைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை, முறைதான் இல்லை. கோபம் வந்தால் கத்துகிறோம், சம்பளம் வந்தால் கொஞ்சுகிறோம். இப்படிக் கைக்கு வந்தபடி செய்வதால் சில பிள்ளைகள் எப்படியோ நழுவி, சந்தோஷமாக வளர்ந்துவிடுகிறார்கள். அந்த ஓட்டையை அடைக்கவே இந்தக் கையேடு. ஒரு கல்வியாண்டு ஒழுங்காகப் பின்பற்றுங்கள். ஜூன் மாதம் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிய பிள்ளை, மார்ச்சில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். உத்தரவாதம்.

தேவையான பொருட்கள்: 13 முதல் 17 வயதுக்குள் பிள்ளை ஒன்று. (இரண்டு இருந்தால் விசேஷம். ஒன்றை எடுத்து மற்றதை அடிக்கலாம்.) டென்த் அல்லது பி.யூ. (பிளஸ் ஒன், பிளஸ் டூ) வருடம் ஒன்று. ஓசூரிலோ கோலார் தங்கவயலிலோ ஓர் அத்தை. வாட்ஸ்அப். மார்க்ஸ் கார்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உங்கள் சொந்த டென்த் மார்க்ஸ் கார்டு மட்டும் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், பத்திரமாக இருக்கட்டும்.

முதலில் வரைபடம்

அடிக்கும் முன் எங்கே அடிப்பது என்று தெரியவேண்டும். இதை நமக்கு வெள்ளைக்காரர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

2004-ல் கிறிஸ்டோஃபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டார்கள். மனக்கோளாறுகளுக்கெல்லாம் பட்டியல் இருக்கிறதே, நல்ல குணங்களுக்கு ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. உலகத்து மதங்களையும் தத்துவங்களையும் சலித்து 24 குணபலங்களை எண்ணி எடுத்தார்கள். ஆர்வம், துணிவு, நேர்மை, விடாமுயற்சி, கனிவு, நன்றி, நகைச்சுவை, நம்பிக்கை என்று போகிறது அந்த வரிசை. நம்ம வள்ளுவர் கடையில் ஏற்கெனவே இருக்கிற சரக்குதான். பொறையுடைமை, செய்ந்நன்றி அறிதல், ஊக்கமுடைமை, இடுக்கண் அழியாமை என்று அவர் தனித்தனி அதிகாரமே போட்டு வைத்திருக்கிறார். கேள்வித்தாள் போட அவருக்குத் தோன்றவில்லை, இவர்களுக்குத் தோன்றியது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்று நான்சி பார்க் என்பவரும் பீட்டர்சனும் சேர்ந்து தயாரித்த தாளில் 198 கேள்விகள்.

அதை வைத்து அவர்கள் கண்டுபிடித்ததுதான் நமக்கு லாபம். இருபத்து நான்கும் ஒரே எடை இல்லையாம். நம்பிக்கை, உற்சாகம், நன்றி, அன்பு, இந்த நான்கும் ஓங்கி இருக்கிற பிள்ளை தன் வாழ்க்கையில் நிறைவாக இருக்கிறது. கோட்டைக்காரனே வந்து, "ஐயா, இந்த நாலு தூணைத் தட்டினால் கூரை இறங்கிவிடும்" என்று காட்டிக்கொடுத்த மாதிரி. மற்ற இருபதையும் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறிப்பும் இருக்கிறது. பெரியவர்களிடம் செய்த ஆய்வில் மனநிறைவோடு மிகக் குறைவாக ஒட்டிய குணங்களில் அடக்கமும் ஒன்று. ஆகவே பிள்ளையிடம் அடக்கத்தைப் பற்றி மட்டும் தினமும் பேசுங்கள்.

1. உற்சாகம்: தூக்கத்திலிருந்து தொடங்குங்கள்

13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி. நீங்கள் ஐந்தரையில் நிறுத்துங்கள்.

ரொம்ப சுலபம். இந்த வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ராத்திரி லேட்டாகத்தான் சுரக்கத் தொடங்கும். பதினொரு மணிக்கு முன் படுத்தாலும் பிள்ளை புரண்டுகொண்டேதான் கிடக்கும். அது சோம்பேறித்தனம் என்று அறிவித்துவிடுங்கள். பிறகு விடிகாலை நாலரைக்கு லைட்டைப் போடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். "பிரம்ம முகூர்த்தத்துல படிச்சா பசுமரத்தாணி" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கவேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே சொன்னது. நம் வேன் ஆறே முக்காலுக்கு வந்துவிடும். சோனி வேர்ல்டு சிக்னல் டிராஃபிக்கைத் தாண்டவேண்டாமா?

அடுத்து விளையாட்டு. பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாரா? அவருக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். தெருவில் கிரிக்கெட் ஆட இடமில்லாதபடி உங்கள் காரைக் குறுக்கே நிறுத்துங்கள். பக்கத்தில் ஆஸ்டின் டவுன் மைதானத்தில் பையன்கள் கால்பந்து ஆடுவதைப் பிள்ளை வேலி ஓரம் நின்று பார்த்தால், கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன் என்பதெல்லாம் பிள்ளை காதுக்குப் போகவே கூடாது. தமிழ்ப் பெயர் வேறு. ஆபத்து.

2. நம்பிக்கை: ஒரே ஒரு கதவை மட்டும் திறந்து வையுங்கள்

நம்பிக்கை என்றால் என்ன என்று சார்லஸ் ஸ்னைடர் என்ற உளவியலாளர் அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். இரண்டே பாகம்தான். 'என்னால் முடியும்' என்ற மனம் ஒன்று. 'இந்த வழி அடைத்தால் அந்த வழி' என்று பல வழி தெரிந்திருப்பது மற்றொன்று. மனதை உடைப்பது சிரமம். பிள்ளைகள் முரட்டு ஜென்மங்கள். வழியை அடைப்பது சுலபம்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: டாக்டர். இல்லையென்றால் ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரத்தில், சாம்பார் ஊற்றும்போது, பொதுஅறிவு போலப் பேச்சை எடுங்கள். "2024-ல நீட் எழுதினவங்க இருபத்து மூணு லட்சத்துக்கு மேல. நாடு பூரா எம்.பி.பி.எஸ். சீட் ஒரு லட்சம் சொச்சம். இன்னும் ரெண்டு அப்பளம் வேணுமா?"

இந்த இடத்தில் கர்நாடக அரசு நம் முயற்சிக்கு ஒரு இடைஞ்சல் செய்துவிட்டது. 2024-ல் எஸ்.எஸ்.எல்.சி.க்கும் செகண்ட் பி.யூ.வுக்கும் வருடத்தில் மூன்று பரீட்சை வைத்தது. ஒன்றில் சறுக்கினால் அடுத்தது எழுதலாம், எதில் மார்க் அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம். வழி அடைத்தால் இன்னொரு வழி என்று ஸ்னைடர் சொன்னதைச் சட்டமாகவே போட்ட மாதிரி. பதற வேண்டாம். "செகண்ட் எக்ஸாம் எழுதறதெல்லாம் ஃபெயிலான பசங்க" என்று ஒரே ஒரு தடவை, அத்தை முன்னால், சொல்லிவிடுங்கள். மூன்று கதவில் இரண்டை அரசாங்கம் திறந்தால் என்ன, நாம் சாத்திக்கொள்வோம்.

3. பாராட்டு: கொடுங்கள், விஷமாகக் கொடுங்கள்

பாராட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பழைய முறை. நம் அப்பாக்கள் பின்பற்றியது, அதில் பலபேர் தப்பித்துவிட்டோம்.

1998-ல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். போட்டு முடித்ததும் ஒரு பிரிவிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், இன்னொரு பிரிவிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். ஒரே வாக்கியம்தான் வித்தியாசம். அடுத்து கடினமான புதிர் வந்தபோது 'புத்திசாலிகள்' சீக்கிரம் துவண்டார்கள், பிறகு சுலபமானதையும் முன்னைவிட மோசமாகப் போட்டார்கள். இதுகூடப் பெரிதில்லை. தங்கள் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது அவர்களில் 38 சதவீதம் கூட்டி எழுதினார்கள். உழைப்பைப் பாராட்டிய கூட்டத்தில் பொய் சொன்னவர்கள் 13 சதவீதம்தான்.

பார்த்தீர்களா? 'என் ரத்தம், அறிவு எங்கே போகும்' என்று ஒரு வரி. விடாமுயற்சியும் போச்சு, நேர்மையும் போச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்புறம் பிள்ளை மார்க்ஸ் கார்டை ஒளித்து வைத்தால் "பொய் எங்கேருந்து கத்துக்கிட்ட?" என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.

4. குணத்துக்கும் ரேங்க் போடுங்கள்

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த 24 குணபலம் விஷயம் கேள்விப்பட்டதும் கேள்வித்தாளைக் கோயில் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். என் மகள் டென்த். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி சாப்பிட்டுக் கண் சொருகும் நேரம் பார்த்து உட்கார வைத்தேன். "பரீட்சையாப்பா?" என்றாள். "இல்ல பாப்பா, உன் நல்ல குணம் என்னன்னு பார்க்கறதுக்கு" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. (இந்த மலர்ச்சி முக்கியம். விழ வைப்பதற்கு முன் ஏற்ற வேண்டும்.)

முடிவு வந்தது. முதலிடம் நகைச்சுவை. அடுத்தது கனிவு. அழகை ரசிப்பது மூன்று. விடாமுயற்சி இருபத்தொன்று. சுயகட்டுப்பாடு கடைசி.

"நகைச்சுவையா? அதை வெச்சு எந்தக் காலேஜ்ல சீட் குடுப்பாங்க?"

"அப்பா, இதுல ரேங்க் எல்லாம் பார்க்கக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு."

உண்மைதான். கீழே வருவது குறை இல்லை, மேலே வருவதைக் கொண்டு வாழ்க்கையை நடத்து என்பதுதான் அந்தச் சோதனைக்காரர்களின் மொத்தப் பேச்சும். முதல் ஐந்தைக் கண்டுபிடி, அதை தினமும் ஏதாவது ஒரு புது விதத்தில் பயன்படுத்து என்கிறார்கள். என் மகளுக்கு அப்படி என்றால், பாட்டிக்குச் செய்தி வாசித்துக்காட்டும்போது அமைச்சர் மாதிரி குரல் மாற்றிப் பேசிச் சிரிக்க வைப்பது. அதை அவள் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தாள். நான் நிறுத்தினேன். சிரிப்பு சத்தத்தில் பாடம் கெடுகிறது இல்லையா?

அடுத்து, எதிர் வீட்டுக்கும் தாளைக் கொடுத்தேன். ஒப்பிட ஆள் வேண்டுமே. அந்தப் பையன் 198 கேள்விக்கும் எந்தப் பதில் நல்ல பிள்ளைக்கு அழகோ அதையே பார்த்து டிக் அடித்து இருபத்து நான்கிலும் முழு மார்க் வாங்கிவிட்டான். நேர்மை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் மார்க் மார்க்தானே? அன்று ராத்திரி மகளிடம் காட்டினேன். "பாரு. நன்றியில அவன் ஃபுல். நீ பதினாறாவது. உனக்கு என்ன குறை வெச்சோம்?"

சுயகட்டுப்பாட்டுக்கு வாரம் மூன்று நாள் கோச்சிங் போட்டேன். நானே எடுத்தேன். இரண்டாம் வகுப்பிலேயே கோபம் வந்து பேப்பரைக் கிழித்தேன். அது தனிக் கதை.

டெல்லியில் 2018-ல் அரசுப் பள்ளிகளில் நர்சரி முதல் எட்டாவது வரை 'மகிழ்ச்சி' என்றே ஒரு வகுப்பு வைத்தார்களாம், தினமும். அதற்குப் பரீட்சை கிடையாது. இது நம் பக்கம் எடுபடாது. பரீட்சை இல்லாத பாடத்துக்கு எந்தப் பெற்றோர் ஃபீஸ் கட்டுவார்? சிரிப்பில் எத்தனைக்கு எத்தனை என்று தெரியவேண்டாமா?

5. நன்றி: வசூலியுங்கள்

தானாக வருகிற நன்றி உங்களுக்கு எதற்கு? எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்லமுடியாது. மாதத் தவணையாக வாங்குங்கள்.

வேன் ஃபீஸ், டியூஷன் ஃபீஸ், ஷூ, கண்ணாடி, போன வருடம் டைஃபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரிச் செலவு, அதற்காக நீங்கள் போடாத லீவு. எல்லாம் மனப்பாடமாக இருக்கட்டும். சண்டை வந்தால் வரிசையாக ஒப்பியுங்கள். "உனக்காகத்தான்" என்று ஒவ்வொரு வரியையும் முடியுங்கள். நன்றி என்பது கடன் பத்திரமாக மாறும் வரை விடாதீர்கள். கடன்காரனைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. தெருமுனையில் உங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பிள்ளை உள் ரூமுக்குப் போகத் தொடங்கினால், இந்தப் படி முடிந்தது.

6. மொழி: கேலி செய்யுங்கள்

இது பெங்களூர்த் தமிழர்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை. சென்னைக்காரர்கள் பொறாமைப்படலாம்.

நம் தெருப் பிள்ளை வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், நீலசந்திராவைத் தாண்டினால் தக்கணி உருது என்று ஈஜிபுரா சிக்னலுக்குள் நாலு பாஷை மாற்றிவிடும். பாட்டியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் கன்னடத்தில் சொல்வதைத் தமிழாக்கி, அதில் பயமுறுத்துகிற வார்த்தையை மட்டும் மெதுவாக்கிச் சொல்லும். எதிரில் இருப்பவர் மனதைப் படிப்பது, கனிவு என்று அந்த வெள்ளைக்காரர் பட்டியலில் இரண்டு குணம் அந்த ஒரே ஓ.பி. சீட்டுக்குள் அடங்கிவிட்டது.

இதற்கு மார்க் இல்லை. ஆகவே கவனிக்காதீர்கள்.

அதற்குப் பதில் பொங்கலுக்கு ஊரிலிருந்து வரும் சித்தப்பா முன்னால் நிறுத்தி "தினத்தந்தி படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். பிள்ளை எழுத்துக் கூட்டும். 'ழ'வில் தடுக்கும். சித்தப்பா சிரிப்பார். "ஏன்டா தமிழ் படிக்கலை?" என்பார். பிள்ளை பழக்க தோஷத்தில் "கொத்தில்லா (தெரியாது) சித்தப்பா" என்று கன்னடத்தில் சொல்லிவிடும். ஹால் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் கன்னட வாத்தியார் அதே பிள்ளையிடம் "நீ தமிழா, அதான் எழுத்து இப்படி" என்பார். இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும்.

7. அன்பு: வடிகட்டுங்கள்

பிள்ளைக்கு ஒரு நண்பன் இருப்பான். ஆட்டோக்காரர் மகனாக இருக்கலாம், ஐந்து வீடு தள்ளி. கணக்கில் முப்பத்தைந்து, மனதில் நூறு. பிள்ளை அழுதால் அவனிடம்தான் அழும். உடனே "சேர்க்கை சரியில்ல" என்று வெட்டுங்கள். பெண் பிள்ளை என்றால் காரணம்கூடச் சொல்லவேண்டாம், "நாலு பேர் என்ன சொல்வாங்க" போதும்.

அந்த இடத்தில் போன் வந்து உட்காரும். அப்போது போனைத் திட்டுங்கள். செல்போனும் இணையமும் பிடியை மீறிப்போனவர்களுக்காக நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் 2014 முதல் தனி கிளினிக்கே நடக்கிறது. அங்கே போகலாமா என்று யோசிக்கவேண்டாம். நீங்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "எப்பப் பாரு போனு" என்று சொல்லுங்கள். குரலில் வேதனை இருக்கட்டும்.

8. பதினெட்டு வரை மூடி வையுங்கள்

சுயமாக ஒரு தீர்மானம்? பதினைந்து வயதிலா? காமர்ஸ் எடுக்கலாமா, சைக்கிளில் போகலாமா, முடியை எப்படி வெட்டுவது, எல்லாம் உங்கள் இலாகா. முன்மாதிரி வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்கரைக்குப் போங்கள். 1991-ல் அங்கே கொண்டுவந்த வள்ளுவர் சிலையைச் சுற்றி மூடி வைத்தார்கள். 18 வருடம் வெயிலிலும் மழையிலும் அவர் உள்ளேயே நின்றார். 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி கருணாநிதி வந்து திறந்தார். நான்காம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள், கணக்கு நேர்.

சிலையாக இருந்ததால் வள்ளுவர் அதே முகத்தோடு வெளியே வந்தார். உங்கள் பிள்ளையும் வரும் என்று நம்புங்கள். பதினெட்டு முடிந்த அன்று துணியை உருவிவிட்டு, "இனிமே நீயே முடிவு பண்ணு, பெரியவனாயிட்ட" என்று நடுரோட்டில் விடுங்கள். அது திருதிருவென்று முழித்தால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு முடிவெடுக்கத் தெரியல" என்று வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

விடாமுயற்சிக்கும் உள்ளூரிலேயே பாடம் இருக்கிறது. ஈஜிபுரா மேம்பாலம். இரண்டரை கிலோமீட்டர், 2017-ல் தொடங்கியது. தூணும் கம்பியுமாக அது வானத்தைப் பார்த்து நின்ற வருடங்களில் நம் தெருவில் ஒரு தலைமுறையே எல்.கே.ஜி.யிலிருந்து பெரிய ஸ்கூலுக்குப் போய்விட்டது. அதை யாரும் "சோம்பேறி" என்று திட்டவில்லை. பிள்ளை ஒரு செமஸ்டர் தேங்கினால் மட்டும் விடாதீர்கள்.

9. மாறுதல் தெரிந்தால், தெரியாத மாதிரி இருங்கள்

இதுவரை சரியாகச் செய்திருந்தால் ஜனவரி வாக்கில் பலன் தெரியும். சாப்பாடு குறையும். பிடித்த சீரியல் பார்க்காது. "என்ன?" என்றால் "சும்னே" என்னும். ராத்திரி மூன்று மணிக்கு ரூமில் லைட் எரியும். "படிக்குது" என்று சந்தோஷப்படுங்கள்.

நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை. கிராமத்தில் 6.9. பெருநகரத்தில் 13.5. அதாவது ஏழெட்டுப் பிள்ளைகளில் ஒன்று. ஒரு பள்ளி வேனில் ஒன்றாவது இருக்கும். "எங்க வேன்ல இல்ல" என்று சொல்லப் பழகுங்கள்.

அந்த ஆஸ்பத்திரி இங்கிருந்து ஆடுகோடி வழியாக ஆட்டோ தூரம்தான். உலகத்திலிருந்து வந்து படிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் சொல்லித்தர, அதுவும் வகுப்பு ஆசிரியரே சொல்லித்தருகிற மாதிரி, பாடத்திட்டமெல்லாம் தயாரித்து வைத்திருக்கிறார்கள். நாம் அந்தப் பெயரை எதற்குப் பயன்படுத்துகிறோம்? "இவனை நிமான்ஸ்ல சேர்க்கணும்" என்று திட்டத்தான். தொடர்ந்து அப்படியே பயன்படுத்துங்கள். அப்போதுதான் உண்மையிலேயே போகவேண்டிய நாளில் பிள்ளை வாயைத் திறக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். இந்த எண்ணுக்கு என்னிடம் கிண்டல் இல்லை. அடுத்த படிக்குப் போவோம்.

10. இந்த ஒரு எண்ணை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்

பத்து படி ஏறியும் பிள்ளை தப்பித்துவிடுமானால் அதற்குக் காரணம் பெரும்பாலும் யாரோ ஒருவர் குறுக்கே வந்து காதுகொடுத்ததுதான். ஒரு பாட்டி, ஒரு பி.டி. மாஸ்டர், ஐந்து வீடு தள்ளி அந்தப் பையன். இவர்களையெல்லாம் நாம் சமாளித்துவிட்டோம். ஒன்று பாக்கி. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று டெலி மானஸ் என்று மத்திய அரசு ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கியது. அதற்கு நிமான்ஸ்தான் தலைமை இடம். பிள்ளையின் போனில் அது ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலண்டரில் எழுதாதீர்கள். ஃபிரிட்ஜில் ஒட்டாதீர்கள்.

நான் அப்படித்தான் இருந்தேன். போன வாரம் தண்ணி எடுக்கப் போனால் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் ஒரு சீட்டு. கிழிந்த பேப்பர். நான் கிழித்த சுயகட்டுப்பாட்டு டைம்டேபிளின் பின்பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் என் மகள் எழுத்து, 'ழ' கொஞ்சம் சாய்ந்து: 14416. இலவசம். ராத்திரி பகல் எந்நேரமும். தமிழிலும் பேசுவார்கள்.

"யாருக்கு இது?" என்றேன்.

"உங்களுக்குத்தான்ப்பா" என்றாள். "அப்பாங்களும் பண்ணலாமாம்."